முன் சாய்ந்த வீரர்

ஓடிவரும் குதிரை தடையை நெருங்கியதும் பின்னங்கால்களை ஊன்றி உந்தி எழுகிறது. எழும்போது கழுத்தை முன்னோக்கி நீட்டுகிறது. முதுகு வில்போல் வளைகிறது. நிலத்தை முதலில் தொடுபவை முன்னங்கால்களே. முதுகில் ஆளில்லாதபோது குதிரை இவ்வாறுதான் தாண்டும். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைப்படையினர் பயின்ற முறை இவ்வியல்புக்கு நேர்மாறானது. தாண்டும் கணத்தில் வீரர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பார். குதிரையின் முன்னங்கால்களில் சுமை ஏறாதிருக்க இதுவே வழி என நம்பினர். வீரருக்கும் அது பாதுகாப்பான இருக்கையாகத் தோன்றியது.

துன்புற்றது குதிரை. வீரரின் எடை அதன் இடுப்பின்மேல் விழுந்தது; கடிவாள இரும்பு வாயை அழுத்தியது. கழுத்தை நீட்ட இயலாமல் தலையைத் தூக்கிய குதிரையின் பின்னங்கால்கள் தடையில் மோதின. நாளடைவில், தடையைக் கண்டாலே அது மிரண்டு விலகியது. அதனைப் பிடிவாதம் எனக் கருதிச் சவுக்கை எடுப்பதும் வழக்கமாயிற்று.

அது பிடிவாதமன்று, வலி என்று உணர்ந்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி. 1868ஆம் ஆண்டு லிவோர்னோ நகரில் பிறந்த அவர், பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியில் பயின்றார். பின்னர் அங்கும், உரோமுக்கு அருகிலுள்ள தோர் தி குவிந்தோவிலும் பயிற்சியளித்தார். ஆளில்லாக் குதிரைகள் தாண்டுவதைக் கூர்ந்து நோக்கிய அவர், பழைய பாடத்தைத் தலைகீழாக்கினார். மனிதனின் இருக்கைக்கேற்பக் குதிரை வளைய வேண்டியதில்லை. குதிரையின் அசைவுக்கேற்ப மனிதனே இசைய வேண்டும். அதற்காக அங்கவடி வாரைக் குறுக்கினார். தாண்டும்போது சேணத்திலிருந்து சற்றே எழுந்து, உடலை முன்னே சாய்த்து, குதிரையின் வாய் செல்லும் திசையிலேயே கைகளைச் செல்லவிடுமாறு கற்பித்தார்.

நிமிர்ந்த தோற்றத்தையே பெருமையாகக் கருதியவர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. சொல்லைவிடச் செயல் விரைவாக வென்றது. 1902ஆம் ஆண்டு தூரின் நகரில் மெலோபோ என்னும் குதிரையின்மீது அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். ஆறடி மனிதர் ஒருவரின் தலைக்கும் மேலே ஒரு சாண் உயரம் அது! எனினும், இந்தச் சாதனையைவிட முதன்மையானது வேறொன்று. படைக்குத் தேவைப்பட்டவை வட்டக் களத்தில் அழகுநடை பயிலும் குதிரைகள் அல்ல. பள்ளமும் வேலியும் நிறைந்த திறந்தவெளியைக் கடக்கும் குதிரைகளே. சாதாரண வீரரும் சாதாரணக் குதிரையும் குறுகிய காலத்தில் கற்கக்கூடியதாக அவரது முறை இருந்தது. பிற நாட்டு அதிகாரிகளும் இத்தாலிக்கு வந்து அதனைக் கற்றனர்.

எழுத்தில் அவர் விட்டுச் சென்றது மிகக் குறைவு. 1907ஆம் ஆண்டு டிசம்பரில், தூரினில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அத்தனை உயரங்களைத் தாண்டியவர் விழுந்தது, தடை எதுவுமில்லாத இடத்தில், மெல்ல நடந்துகொண்டிருந்த குதிரையிலிருந்து! அப்போது அவருக்கு வயது 39. அவரது கருத்துகளைப் பின்னாளில் ஆங்கிலத்தில் பரப்பியவர் பியரோ சாந்தினி என்னும் இத்தாலிய அதிகாரி.

தோர் தி குவிந்தோவில் பயின்ற அமெரிக்க அதிகாரி ஹாரி சேம்பர்லின், 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கம் வென்றவர் ஜப்பானியக் குதிரைப்படை அதிகாரி நிஷி தாக்கேஇச்சி. அதே நிஷி 1945ஆம் ஆண்டு இவோ ஜிமா தீவுப் போரில் மடிந்தபோது குதிரைவீரராக இல்லை. டாங்கிப் படைப்பிரிவு ஒன்றின் தலைவராக இருந்தார். போர்க்களத்திலிருந்து குதிரைகள் விலகிவிட்டன. படைக்கென உருவான இருக்கை முறையோ விளையாட்டில் நிலைத்தது. 1956 முதல் ஒலிம்பிக் தடைதாண்டலில் பெண்களும் பங்கேற்கின்றனர். சீருடை அணியாத இன்றைய வீரர்களும் தடைக்கு மேலே அங்கவடியில் எழுந்து முன் சாய்கின்றனர். கைகள் தளர்ந்து முன்செல்ல, குதிரை கழுத்தை நீட்டுகிறது.