மீனாட்சி

மீன், அட்சி என்னும் இரு சொற்கள் இணைந்த பெயர் மீனாட்சி. வடமொழியில் ‘அக்ஷி’ என்றால் கண். மீன் போன்ற கண்களை உடையவள் என்பது பொருள். அழகிய கயல் போன்ற கண்ணாள் என்று இதையே தமிழ் ‘அங்கயற்கண்ணி’ என்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரையைப் பாடியபோது சொன்ன பெயரும் அதுதான்.

கண்ணின் வடிவம் மட்டுமல்ல உவமை. மீனுக்கு இமை கிடையாது. முட்டைகளைத் தாய்மீன் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அப்படி இமைக்காமல் உலகைக் காப்பவள் என்று பக்தர்கள் சொல்லும் விளக்கம்தான் இப்பெயரின் உயிர். பாண்டியரின் கொடியிலும் மீனே இருந்தது. அந்த அரச மரபில் தடாதகை என்ற பெயரில் பிறந்து மதுரையை ஆண்டவள் மீனாட்சி என்கிறது திருவிளையாடற் புராணம்.

மதுரையிலும் செட்டிநாட்டிலும் தலைமுறை தலைமுறையாக வரும் பெயர் இது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால், பள்ளிப் பதிவேட்டில் மீனாட்சியாக இருக்கும் பெண் வீட்டில் ‘பாப்பா’ ஆகிவிடுவாள். மீனா, மீனாள் என்ற சுருக்கங்களும் தனிப்பெயர்களாக நிலைத்துவிட்டன. 1951-இல் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூலை எழுதியவர் ஒரு மீனாட்சி அம்மாள். 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற கேரளக் களரிப்பயட்டு ஆசான் ஒரு மீனாட்சியம்மா. ஆண்களுக்கோ மீனாட்சிசுந்தரம்: உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் பெயரே அது.