"தனியா இருக்கேன்" என்றால் என்ன அர்த்தம்?



நமது பகுதிக் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

ஒரு அக்கா குழுவில் சேரும்போது, "மாமியார் வீட்டுல இல்லீங்க, தனியா இருக்கேன்" என்று சொன்னார். ஊக்குநர் அதைத் தனிக்குடித்தனம் என்று புரிந்துகொண்டார். கணவர் வெளியூரில் வேலை செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம், நானும்தான். சில வருடம் கழித்துக் காப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது, "வாரிசுதாரர் யாருக்கா, வீட்டுக்காரர் பேரு போடலாமா?" என்று கேட்டேன். அந்த அக்கா அழுதுவிட்டார். "அவரு எங்கள விட்டுப் போயி ஏழு வருசம் ஆச்சு கண்ணு. யாருகிட்ட சொல்ல?"

கணவர் விட்டுப்போய் ஐந்து வருடம் முடிந்திருந்தால் அரசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அக்காவுக்கு இரண்டு வருடப் பணம் போய்விட்டது. மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 24,000 ரூபாய். "தனியா" என்ற ஒரு வார்த்தையை நாங்கள் சரியாகக் கேட்காததுதான் காரணம்.

எனவே, நாம் அன்றாடம் பேசும் இந்த வார்த்தைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தனியா: பக்கத்தில் ஆள் இல்லை என்றும் சொல்லலாம், பிரிந்து இருப்பதையும் சொல்லலாம். "தனியா சமைக்கிறோம்" என்றால் அடுப்பு வேறு, அவ்வளவுதான். தனிக்குடித்தனத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். தாலுகா ஆபீசில் "தனி வட்டாட்சியர்" என்று போர்டு இருக்கும். அவர் தனியாக இருப்பவர் இல்லை, குறிப்பிட்ட வேலைக்கென்று போட்டிருக்கும் அதிகாரி!

ஒண்டியா, ஒத்தையா: துணைக்கு இன்னொரு ஆள் இல்லை. "ஒண்டியா நின்னு மூணு புள்ளைய வளர்த்தேன்" என்று சொல்லும்போது கஷ்டமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது.

தனிக்கட்டை: குடும்பம் என்று எதுவும் இல்லாதவர். ஆண்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெண்ணைச் சொன்னால் ஊர் சிரிப்பதில்லை.

தனிமை: இது ஆள் கணக்கு இல்லை, மனசு. வீட்டில் எட்டுப் பேர் இருந்தும் பேச ஒருத்தர் இல்லை என்றால் அது தனிமை. ஒரே அறையில் ஒண்டியாக வாழ்ந்தும் தனிமை இல்லாதவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள்.

வாழாவெட்டி: இது விவரம் சொல்லும் வார்த்தை இல்லை, திட்டும் வார்த்தை. யாரோ விட்டுப் போனதற்கு இவள் மேல் பழி போடுகிறது. தீர்மான நோட்டிலும் பேச்சிலும் இது வேண்டாம்.

ஆதரவற்றவர்: இது படிவத்தில் வரும் வார்த்தை. ஒரு பாட்டியம்மா கோபமாகக் கேட்டார், "எனக்குக் குழு இருக்கு, நான் எப்படி ஆதரவற்றவ?" அவர் கேட்டது நியாயம். ஆனால் படிவத்தில் அது மனசைப் பற்றியது இல்லை. போதிய வருமானம் இல்லை, பொறுப்பெடுத்துக் காப்பாற்ற ஆள் இல்லை என்றுதான் பொருள். அதை அவமானமாக நினைத்து விண்ணப்பிக்காமல் விட வேண்டாம்.

அரசு "தனியாக இருப்பவர்" என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. எப்படித் தனியானார் என்று பார்க்கிறது. தமிழ்நாட்டில் மூன்று திட்டங்கள் உள்ளன:

1. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் (1975 முதல்): 18 வயது முடிந்த கைம்பெண்களுக்கு.

2. கணவனால் கைவிடப்பட்டவர் ஓய்வூதியம் (1986 முதல்): வயது 30 முடிந்திருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது கணவர் விட்டுப்போய் 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும்.

3. திருமணமாகாத ஏழைப் பெண்கள் ஓய்வூதியம் (2008 முதல்): 50 வயதுக்கு மேல்.

இவற்றின் தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமை நிலையும் பார்க்கப்படும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், பிறகு வருவாய்த் துறை விசாரணை நடக்கும். எந்தத் திட்டம் என்று சரியாகச் சொல்லி விண்ணப்பியுங்கள். வெறுமனே "தனியா இருக்கேன்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு உறுப்பினர் "தனியா இருக்கேன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போகாதீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்கவும் வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல யார் யாருக்கா இருக்கீங்க? செலவுக்கு யார் பார்க்கறாங்க? மனசு விட்டுப் பேச யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு கேள்வி, பதிலும் வேறாக இருக்கும்.

முதல் இரண்டு பதில்களை வைத்து விண்ணப்பம் எழுதலாம். மூன்றாவது கேள்விக்கு "யாருமில்ல" என்று பதில் வந்தால், அதற்குத் திட்டம் எதுவும் கிடையாது, நாம்தான் இருக்கிறோம்.

அந்த அக்காவுக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது. வாரிசுதாரர் இடத்தில் மகள் பெயரை அவரே தன் கையால் எழுதினார்.