தானே கரையேறும் வண்டி!

மும்பை குர்லாவில் பிரீமியர் ஆலை ஒரு காலத்தில் தயாரித்த டாட்ஜ் லாரியை நம்மவர்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே டாட்ஜ் பெயரில் அமெரிக்காவில் பிறந்த முரட்டு வண்டி ஒன்று உண்டு. அதுதான் 'பவர் வேகன்'.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு உழைத்த டாட்ஜ் வண்டியை ஒட்டி, 1946-ல் இது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. பாதை இல்லாத பண்ணைக்கும் காட்டுக்கும் துணையாயிற்று. 1968-ல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. 2005-ல் அதே பெயரில் புது வண்டி வந்தது.

எல்லாம் ஆலையிலேயே

மற்ற பிக்-அப் வாங்குகிறவர் பலர், காட்டு வேலைக்கு வேண்டியதைப் பட்டறையில் தனித்தனியே பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இதிலோ எல்லாம் ஆலையிலேயே தயார். முன்புறம் 12,000 பவுண்டு, அதாவது சுமார் 5,400 கிலோ இழுக்கும் வின்ச். அதன் கயிற்றைப் பெரிய மரத்தில் கட்டினால், சேற்றில் புதைந்த வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும். ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் டிபரன்ஷியலைப் பூட்டலாம்; எதிர்ச் சக்கரமும் சேர்ந்து உருளும். கம்பெனியே பொருத்தியது என்பதால் வாரண்டியும் உண்டு.

பாரம் குறைவு

மேடு பள்ளத்துக்கு வளைந்துகொடுக்க வேண்டுமென்றே இதன் சுருள்வில்கள் மிருதுவாக அமைந்துள்ளன. ஆகவே ஏற்றக்கூடிய பாரம் சுமார் 700 கிலோதான்! அதே ரகத்துச் சாதாரண வண்டி ஏறத்தாழ இரு மடங்கு சுமக்கும்.

அன்றாடம் மூட்டை ஏற்றிப் பிழைப்பவருக்கு இது சரிப்படாது. பாதை முடிகிற இடத்தில் யாருக்கு வேலை தொடங்குகிறதோ, அவருக்கே கட்டுப்படியாகும்.