நிரலும் அமைவும் முரண்பட்டால்...

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தில், நடத்துநரின் கையிலுள்ள பயணச்சீட்டுக் கருவி சிறியதுதான். ஆனால், அதற்குள் இரண்டு வேறுபட்ட கூறுகள் சேர்ந்து இயங்குகின்றன. ஒன்று, சீட்டைக் கணக்கிட்டு அச்சிடும் நிரல். மற்றொன்று, எந்த வழித்தடத்தில் எந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று கூறும் பட்டியல். இதுபோன்ற பட்டியல்களைக் கணினித் துறையினர் 'கான்ஃபிகரேஷன்' என்கின்றனர். தமிழில் அமைவு எனலாம்.

இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழகத்தில் 2018 ஜனவரி 20-இல் பேருந்துக் கட்டணம் உயர்த்தப்பட்டது. அம்மாத இறுதியிலேயே ஓரளவு குறைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்தி எழுதிக் கொண்டிருக்க முடியாது. பட்டியலை மட்டும் மாற்றினால் போதுமானது.

ஆனால், எல்லா மாற்றங்களும் அவ்வளவு எளியவை அல்ல. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தை ஒரு கருவி ஏற்க வேண்டுமானால், கட்டணம் இல்லாத, ஆனால் கணக்கில் வர வேண்டிய புதிய வகைச் சீட்டு ஒன்று பட்டியலில் சேர வேண்டும். அந்தப் புதிய வகையைப் புரிந்துகொள்ளும் நிரலும் கருவியில் இருந்தாக வேண்டும். புதிய பட்டியல் பழைய நிரலிடம் சென்று சேர்ந்தால் கணக்குப் பிழையாகும். அல்லது கருவியே நின்றுபோகும். நிரலின் பதிப்பும் அமைவின் பதிப்பும் ஒன்றுக்கொன்று இணக்கமாக இருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

இந்த இணக்கம் தவறினால் என்ன நேரும் என்பதை உலகம் 2024 ஜூலை 19-இல் கண்டது. அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம், தனது கணினிப் பாதுகாப்பு மென்பொருளுக்குப் புதிய அமைவுக் கோப்பு ஒன்றை அனுப்பியது. நிரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; நிரலோ 20 மட்டுமே வழங்கியது. இல்லாத இருபத்தொன்றாவது உள்ளீட்டைத் தேடிச் சென்றதில் விண்டோஸ் இயங்குதளமே செயலிழந்தது.

இந்த முரண்பாடு அன்று தோன்றியதன்று. அவ்வாண்டு பிப்ரவரி முதலே அது மென்பொருளுக்குள் இருந்தது. முந்தைய கோப்புகள் இருபத்தொன்றாவது இடத்தில் 'எதுவாயினும் சரி' என்று குறித்திருந்ததால் அதை யாரும் தேடிப் பார்க்க நேரவில்லை. சோதனைகளும் தேறின. முதன்முறையாக ஒரு கோப்பு அந்த இடத்தை உண்மையாகவே பயன்படுத்தியபோது பிழை வெளிப்பட்டது.

பழுதான கோப்பை 78 நிமிடங்களில் நிறுவனம் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 10 வங்கிகள், நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு பாதிப்பு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. முடங்கிய கணினிகள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சென்று மீட்க வேண்டியிருந்தது.

இதற்கு முன்பும் படிப்பினை இருந்தது. 2012-இல் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிடல், தனது எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை நிறுவியது. ஒரே கட்டளைக் குறியீடு ஏழு சர்வர்களில் ஒரு பொருளையும், எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய பொருளையும் தந்தது. ஆகஸ்ட் 1-இல் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு ஏற்பட்டது.

இத்தகைய விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள் புதியவை அல்ல. முதலாவது, பதிப்பு எண்ணுக்குப் பொருள் இருக்க வேண்டும். 2.4.1 என்ற எண்ணில், பழையவற்றுடன் இணக்கம் முறியும்போது முதல் எண்ணும், இணக்கம் கெடாமல் வசதி சேரும்போது நடு எண்ணும், சிறு பிழை திருத்தப்படும்போது கடைசி எண்ணும் மாறுவது பரவலான மரபு. அமைவுக் கோப்புக்கும் இதே ஒழுங்கு வேண்டும். இரண்டாவது, தனக்குப் புரியாத பதிப்பு வந்தால் அதை நிராகரித்து, பழைய அமைவிலேயே தொடரும் வகையில் நிரல் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, மாற்றத்தை முதலில் சில கருவிகளுக்கு மட்டும் அனுப்பி, விளைவைக் கண்டபின் விரிவாக்க வேண்டும். நான்காவது, முந்தைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். 2024 நிகழ்வுக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமும் உள்ளீட்டு எண்ணிக்கைச் சரிபார்ப்பு, படிப்படியான வெளியீடு ஆகியவற்றையே தீர்வாக அறிவித்தது.

இவை பொறியாளர்களின் கவலை மட்டுமல்ல. நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவி, அரசு மருத்துவமனையின் பதிவேடு, சொத்துப் பத்திரப் பதிவு என மக்களின் அன்றாடத் தேவைகள் பலவும் இன்று மென்பொருள்களைச் சார்ந்துள்ளன. ஒரு கருவி நின்றால் அன்றைய அரிசி கிடைக்காமல் வீடு திரும்பும் குடும்பம் இருக்கிறது. எனவே, அரசுத் துறைகள் மென்பொருளுக்கு ஒப்பந்தம் கோரும்போது விலையையும் வசதியையும் மட்டும் பார்த்தால் போதாது. எந்த நிரல் பதிப்புடன் எந்த அமைவுப் பதிப்பு இயங்கும் என்ற அட்டவணை, படிப்படியான வெளியீடு, மீட்பு ஒத்திகை ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும்.

மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தென்மாவட்ட இளைஞர்கள் பலர் அங்கு பணியில் சேரும் நாள் வரும். அவர்களுக்குக் கல்லூரிகள் நிரல் எழுதும் திறனைக் கற்பிக்கின்றன. நிரலுக்கு நிகரான கவனத்துடன் அமைவையும் எண்ணிட்டு, சோதித்து, நிதானமாக வெளியிடும் ஒழுங்கையும் சேர்த்துக் கற்பிப்பது அவசியம். 'பட்டியலைத்தானே மாற்றினோம்' என்ற அலட்சியத்துக்கு இனி இடமில்லை.