வீட்டுப் பழ மஃபினும் கைமருந்தும்: அளவு அறிந்து பயன்படுத்துவோம்

பேக்கரிப் பண்டங்களைத் தவிர்த்து, வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து வீட்டிலேயே மஃபின் சுட்டுத் தரலாமா என்று நீரிழிவு நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டு வெந்தயம், பாகற்காய்ச் சாறு, பட்டைத் தூள் ஆகியவற்றால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாமா என்பதும் அவர்களிடமிருந்தே வரும் கேள்விதான். இயற்கையான பொருள் எவ்வளவு உட்கொண்டாலும் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை இவ்விரண்டு கேள்விகளுக்கும் அடிப்படையாக உள்ளது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

மஃபினில் உள்ள மாவுச்சத்து

பன்னிரண்டு மஃபின்களுக்கு வழக்கமாக 240 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, தோல் நீக்கிய 300 கிராம் வாழைப்பழம் சேர்ப்பதாகக் கொள்வோம். மைதாவிலிருந்து சுமார் 180 கிராமும், சர்க்கரையிலிருந்து 200 கிராமும், பழத்திலிருந்து சுமார் 70 கிராமும் மாவுச்சத்து கிடைக்கிறது. ஒரு மஃபினுக்கு ஏறக்குறைய 38 கிராம். மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவும், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக அதே எடையில் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தாலும் இந்த எண் பெரிதாகக் குறைவதில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றின் பெரும்பகுதி சர்க்கரையே. அவற்றிலுள்ள தாதுக்களின் அளவு மிகச் சிறிது. பேரீச்சையிலும் உலர் திராட்சையிலும் நூறு கிராமுக்கு 75 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்து உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குப் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்று. இக்கணக்கில் தேனும் பழச்சாறும் அடங்கும். முழுப் பழத்தின் இயல்பான இனிப்பு அடங்காது.

அளவு குறைத்த ஒரு முறை

180 கிராம் கோதுமை மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளவும். நன்கு கனிந்த 300 கிராம் வாழைப்பழத்தை மசித்து, 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, இரண்டு முட்டை, 60 மில்லி எண்ணெய், 100 மில்லி தயிர் சேர்த்துக் கலக்கவும். தயிரின் புளிப்பு சோடாவுடன் வினைபுரிவதால் மாவு உப்பும். மாவையும் 50 கிராம் உடைத்த வாதுமை அல்லது அக்ரூட் பருப்பையும் இதில் சேர்த்து, ஈரம் பரவும் அளவுக்கு மட்டும் கிளறவும். அதிகம் கிளறினால் மஃபின் இறுகிவிடும். பன்னிரண்டு குழிகளில் ஊற்றி, 180 டிகிரி வெப்பத்தில் சுமார் 20 நிமிடம் சுடவும். நடுவில் செருகிய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் பதம் சரி.

இவ்வாறு செய்த ஒரு மஃபினில் ஏறக்குறைய 22 கிராம் மாவுச்சத்து இருக்கும். இது இரண்டு நடுத்தர இட்லிகளுக்கு நிகரானது. ஆகவே காலை உணவு முழுவதையும் உண்டபின் மஃபினையும் உண்ணாமல், இரண்டு இட்லிகளுக்கு மாற்றாக ஒரு மஃபினை உண்ணலாம். உண்பதற்கு முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்தால் அது தங்கள் உடலுக்கு ஏற்றதா என்பது தெரியவரும்.

சிறுநீரக நோயில் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் வாழைப்பழத்தைத் தவிர்க்க வேண்டும். அதில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மி.கி. பொட்டாசியம் உள்ளது. ஆப்பிளில் ஏறக்குறைய 110 மி.கி. மட்டுமே. பருப்பு வகைகளையும் அவர்கள் உணவியலாளரிடம் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் எந்த வடிவிலும் உண்ணக்கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரில் வெளியேறாமல் மூளையைத் தாக்கி, தொடர் விக்கல், குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் சோடாவின் அளவை மீறக்கூடாது. ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1,200 மி.கி.க்கும் அதிகமான சோடியம் உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் மொத்த வரம்பே 2,000 மி.கி.தான்.

கைமருந்தும் மருந்தே

தாவரங்களிலிருந்து வந்த மருந்துகளை நாங்களும் நாள்தோறும் எழுதித் தருகிறோம். மெட்ஃபார்மின் மாத்திரையின் வேர் கலேகா என்னும் ஐரோப்பிய மூலிகையில் உள்ளது. அச்செடியிலிருந்து பிரித்த பொருள் சர்க்கரையைக் குறைத்தபோதிலும் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. அதனுடன் தொடர்புடைய, பாதுகாப்பான சேர்மமான மெட்ஃபார்மினை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1957-இல் வெளியிட்டார். டிஜிட்டாலிஸ் இலையின் பயனை 1785-இல் விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், அளவு மிகுந்தால் அது விளைவிக்கும் கேட்டையும் எழுதிவைத்தார். உடலில் நல்ல மாற்றத்தை உண்டாக்கும் ஆற்றல் ஒரு மூலிகைக்கு இருந்தால், அளவு தவறும்போது கெடுதல் செய்யும் ஆற்றலும் அதற்கு இருக்கும்.

வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. பாகற்காய்க்கும் சர்க்கரையைக் குறைக்கும் இயல்பு உண்டு. சமையலில் சேரும் அளவில் இவை நல்ல உணவுகள். கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நாள்தோறும் இவற்றை மிகுதியாக உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்கும் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மஃபினிலுள்ள எண்ணெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் இந்நேரத்தில் அது உதவாது. நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் தடித்த காசியா பட்டையில் கூமரின் என்னும் பொருள் உள்ளது. அதன் தூளை நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயர்வதும் பொட்டாசியம் குறைவதும் நிகழலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனைச் சிறிதும் கொடுக்கக்கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொட்டலப் பொடிகளை எவரும் உட்கொள்ள வேண்டாம்.

கைமருந்தை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

தங்களிடம் நாங்கள் வேண்டுவது

மாத்திரையின் அளவைத் தாங்களாகவே குறைக்காதீர்கள். சித்த அல்லது ஆயுர்வேத மருந்தை விரும்பினால், பதிவுபெற்ற மருத்துவரிடம் சென்று, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் கைமருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன், வீட்டில் உட்கொள்ளும் கஷாயம், சூரணம், லேகியம் ஆகியவற்றின் பெயரையும் அளவையும் எழுதி வாருங்கள். பொட்டலமோ புட்டியோ இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இவற்றைச் சொன்னதற்காக எவரும் தங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும், எந்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும் என்பதைத் தங்களுடன் சேர்ந்து முடிவுசெய்ய அந்தக் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.