பழைய காருக்குப் பாகம் தேடுவோர் கவனத்திற்கு

நமது உறுப்பினர்கள் பலரது கிடங்கு ஓரத்தில், தந்தையார் காலத்துக் கார் ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். எங்கள் தந்தையார் வாங்கிய 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான் கிடந்தது. அதைச் சீர்செய்யப் பாகம் தேடி அலைந்ததில் நாங்கள் கற்றதை, பிறருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

முதலில், கார் எதன் வழி வந்தது என்று அறிய வேண்டும். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்கு மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. இங்கே தொழிற்சாலை மூடிவிட்டாலும், டிரையம்புக்கு அந்நாட்டில் இன்றும் பாகம் செய்து விற்கிறார்கள். அம்பாசடருக்கு மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பத்மினிக்கு பியட் 1100. எனினும் இங்கே தயாரித்தபோது சில மாறுதல்கள் செய்திருப்பார்கள். ஆகவே பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் கார் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை. பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு இதுவே. ஆயில் சீலையும் இதே மூன்று அளவு சொல்லி வாங்கலாம். ஆனால் இங்கிலாந்து வழி வந்த அக்காலக் கார்களின் போல்ட்டு, நட்டு அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் நட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

மூன்றாவது, ரப்பர். இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். பிரேக் சிலிண்டர் ரப்பரை ஒரு கடையில், "கம்பெனி சரக்கு, பெட்டியே பிரிக்காதது" என்று கொடுத்தார்கள். மாட்டிய மூன்றாம் வாரம், மார்க்கெட் இறக்கத்தில் பெடல் அடிவரை போய்விட்டது. எதிரே மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. கைப்பிரேக்கை இழுத்து, சுவரில் உரசி நிறுத்தினோம். வண்டிக்காரர் பிழைத்தது அவர் வீட்டார் செய்த புண்ணியம். எங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் எல்லாம் போயிற்று. மூட்டை பிரிக்காத பருப்பிலும் வண்டு விழும் என்று அறிந்த நாம், பெட்டியில் இருந்தாலும் ரப்பர் மூப்படையும் என்பதை மறந்தோம். இரும்புப் பாகம் பழைய சரக்காக இருக்கலாம். ரப்பர் புதிதாகச் செய்ததாகவே இருக்க வேண்டும்.

நான்காவது, பில் இல்லாமல் எதையும் வாங்கக் கூடாது. திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டிவரும். எஞ்சினையே மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் நிலையில் உள்ள வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. எனவே கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

கடைசியாக, சரக்கு விற்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. "பெட்டி பிரிக்காதது" என்ற சொல் தரத்துக்குச் சான்று ஆகாது. வாடிக்கையாளர் கேட்கும் முன்பே, அது எப்போது செய்த சரக்கு என்பதை நாமே சொல்லிவிடுவது நல்லது.