சிப்பிப்பாறை நாயும் மான்குர்த் வீடும்

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் அன்பர் சிலர், கருப்பட்டியோடும் முறுக்கோடும் ஒரு நாய்க்குட்டியையும் கொணர்வதுண்டு. மான்குர்த்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் அவ்வாறு கொணர்ந்த சிப்பிப்பாறைக் குட்டியே இவ்வுரைக்குத் தோற்றுவாய்.

தென்கொரிய நாடு தனது ஜிண்டோத் தீவின் வேட்டை நாயை 1962-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துப் பேணி வருகிறது. நாம் சற்றுப் பிந்தியே விழித்தோம். தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாயினப் பெருக்க நிலையம் தொடங்கியது 1980-களின் முற்பகுதியில்தான். 2005-இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியாயிற்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன் பின்னர் குட்டிகளை நாடுவோர் பெருகினர்; நாயின் இயல்பை அறிந்து வாங்கியவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

சிப்பிப்பாறை, கரிசல் வெளியில் முயலைக் கண்டதும் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட இனம். மோப்பத்தைவிடப் பார்வையே அதற்குப் பெரிது. ஓடும் பொருள் கண்ணிற் பட்டுவிட்டால், அழைக்கும் குரல் காதில் ஏறாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை நின்றது. துரத்தும் குணம் நிற்கவில்லை. எங்கள் அண்டைவீட்டு நாய் ஒரு நாள் வாரை அறுத்துக்கொண்டு ஓர் ஆட்டின் பின்னே ரயில் தண்டவாளம் வரை ஓடிற்று. நல்ல வேளையாக அப்பொழுது வண்டி வரவில்லை.

ஒருவரையே தலைவராகக் கொள்ளும் இயல்பினது. அந்நியரை எளிதில் நெருங்க விடாது. ஆதலின் கைமாற்றுவது அதற்குப் பெருந்துன்பம். விலா எலும்பு தெரிவது அதன் உடலமைப்பு. பட்டினி என்றெண்ணி அக்கம்பக்கத்தார் சோற்றைக் குவித்தலாகாது. மென்மயிர் உடலாதலால் கோடை அதற்குப் பழக்கமே, ஈரந்தான் ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, நனைந்து திரும்பியதும் துவட்டி, விரலிடுக்கிலும் காதிலும் உண்ணி தேடவேண்டும். எலி மிகுந்த தெருக்களில் தேங்கிய நீரைக் குடிக்க விடலாகாது. எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதளவில் தொடங்கி, பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாது போடவேண்டும். மாநகராட்சி உரிமமும் தேவை.

வெண்ணிற இராஜபாளையம் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க. நிறமியணுக்கள் உட்செவியில் இல்லாது போனால் குட்டி செவிடாகும். இக்குறை அவ்வினத்தில் உண்டு. குட்டி பாராதவாறு பின்புறம் நின்று சாவிக்கொத்தை ஒலித்துப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேளாதிருப்பின் இச்சோதனையில் புலப்படாது. செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது.

ஒற்றை அறையில், பகல் முழுதும் கட்டிவைத்து இந்நாயை வளர்த்தல் இயலுமா என்று அண்டை வீட்டார் என்னைக் கேட்டார். விடியலில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி அதனோடு நடக்கத் தங்களுக்கு ஒழியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு மாதம் நடந்து பார்த்தார். குட்டி தம்மிடம் முற்றும் ஒன்றிப்போகுமுன் என்று, தீபாவளிக்கு ஊர் சென்றபோது தம்பியின் தோட்டத்தில் விட்டு வந்தார். முதல் மூன்று நாள் அது வாயிலிலேயே படுத்திருந்ததாம்.